ஹன்யூவின் நான்கரைச் சுற்று: பெய்ஜிங்கில் பதக்கம் போனது அதாலதானா?

#1 உவர்மலைக் காற்று

மற்ற இழைகளில் இடைக்கிடை பிகர் ஸ்கேட்டிங் (ஐஸ் சறுக்காட்டம்) வீரர் யுசுரு ஹன்யூ பற்றிக் கதை வருது, பிறகு கிரிக்கெட்டுக்குள்ள அமுங்கிப் போகுது. அதால தனி இழை.

புதுசா வாற ஆக்களுக்குச் சுருக்கம். 1994 டிசம்பர் 7, ஜப்பானின் செண்டாய் நகரில் பிறந்தவர். சின்னனிலேயே ஆஸ்துமா. அக்கா பழகப் போன ஐஸ் அரங்குக்கு நாலு வயசில் பின்னால போய்த் தொடங்கினவர். 2010இல் கனிஷ்ட உலகச் சம்பியன். 2014 சோச்சி, 2018 பியோங்சாங் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம். ஆண்கள் தனியாள் பிரிவில் அடுத்தடுத்து இரண்டு தங்கம் எடுத்த முந்தைய ஆள் அமெரிக்காவின் டிக் பட்டன், 1948இலும் 1952இலும்.

2022 பெய்ஜிங்கில் மூன்றாம் தங்கத்துக்குப் போனவர், போட்டியில் அதுவரை ஒருத்தரும் சரியா இறங்காத நான்கரைச் சுற்று ஆக்சல் தாவலைப் போட்டு விழுந்தார். நாலாம் இடம். அந்த ஒரு தாவலுக்காகக் கையிலிருந்த பதக்கத்தை விட்டவரா? "பிடிவாதத்தால கெட்டார்" எண்டு எழுதுறவை கணக்கோட வாங்கோ.

#2 மூதூர்ப் பாலம்

பிடிவாதம்தான், கணக்கும் இருக்கு.

2018க்கு முன்னம் நான்கரை ஆக்சலுக்கு அடிப்படைப் புள்ளி 15.0, நாலு சுற்று லட்ஸுக்கு (இன்னொரு வகைத் தாவல்) 13.6. அந்த வருசம் அட்டவணையை மாத்தினாங்கள். ஆக்சல் 12.5, லட்ஸ் 11.5 ஆச்சு. இடைவெளி ஒரே ஒரு புள்ளி. அரைச் சுற்றுக் கூடுதலாச் சுத்தி, கணுக்காலையும் பணயம் வைக்கிறதுக்குக் கிடைக்கிற கூலி அவ்வளவுதான். அமெரிக்காவின் நேத்தன் சென் அந்தப் பக்கமே போகேல்லை. லட்ஸையும் பிளிப்பையும் நாலு சுற்றில் துப்புரவா இறக்கி 332.60 எடுத்துத் தங்கத்தோட போயிட்டார்.

பெய்ஜிங்கில் அந்தத் தாவல் சுற்றுக் குறைவெண்டு குறிக்கப்பட்டது. 12.5இல் 80 வீதம், அதாவது 10. விழுந்ததால் தரப்புள்ளி (நடுவர்கள் −5 முதல் +5 வரை குடுக்கிறது, ஒரு படிக்கு அடிப்படையில் பத்தில் ஒண்டு) −5, அதாவது பாதி போய்க் கிடைச்சது 5. விழுகைக்குத் தனியா 1 கழிவு. நிகரம் 4. அதே இடத்தில் மூன்றரை ஆக்சலைப் போட்டிருந்தால் அடிப்படை 8, அவர் போடுற தரத்துக்கு +5 கிடைச்சாலும் ஆச்சரியமில்லை, அது 4 புள்ளி, மொத்தம் 12. எட்டுப் புள்ளி அந்த இடத்திலேயே போச்சு.

#3 கன்னியா ஊற்று

அண்ணை, அந்தக் கணக்கில் இரண்டு பிழை.

முதலாவது, மூன்றரை ஆக்சல் அந்த நீள நிகழ்ச்சியில் ஏற்கெனவே இரண்டு தரம் இருக்கு: ஒண்டு இரட்டை டோ லூப்போட சேர்ந்து, மற்றது தனியா. ஒரே தாவலை மூன்றாம் தரம் போட்டால் விதிப்படி பூச்சியம். ஆக, அந்த இடத்துக்கு அவர் போடக்கூடியது வேற தாவல். நாலு சுற்று லூப் எண்டால் அடிப்படை 10.5, ஆனால் காயப்பட்ட கணுக்கால் இருந்த நிலைமையில் அதுவும் பாதுகாப்பில்லை.

இரண்டாவது, எட்டுப் புள்ளியைச் சேர்த்தாலும் காணாது. அவர் எடுத்தது 283.21. வெண்கலம் எடுத்த ஷோமா உனோ 293.00. இடைவெளி 9.79.

உண்மையில் பதக்கம் போனது குறு நிகழ்ச்சியில் (முதல் குறு நிகழ்ச்சி, பிறகு நீள நிகழ்ச்சி, இரண்டையும் கூட்டித்தான் மொத்தம்). முதல் தாவல் நாலு சுற்று சால்கோ, காற்றில் உடம்பு இறுகாமல் திறந்து அது ஒற்றைச் சுற்றாகிப் போச்சு. குறு நிகழ்ச்சியில் தனித் தாவல் குறைஞ்சது மூண்டு சுற்றாவது இருக்க வேணும், ஒற்றைக்கு மதிப்பே இல்லை. 9.7 அடிப்படை உள்ள தாவலுக்கு 0.00. அந்த 9.7ஐ மட்டும் சேர்த்துப் பாருங்கோ: 292.91. உனோவுக்கு 0.09 கீழ. ஒரு துளி தரப்புள்ளி கிடைச்சிருந்தாலே வெண்கலம். ஹன்யூ சால்கோவுக்கு நடுவர்கள் வழமையா ஒரு துளியா குடுக்கிறவை!

இன்னும் ஒண்டு. நீள நிகழ்ச்சியில் ஆக்சலிலும் சால்கோவிலும் இரண்டு தரம் விழுந்தும் அவர் எடுத்தது 188.06. உனோ எடுத்தது 187.10. அண்டைக்கு நீள நிகழ்ச்சியை மட்டும் எடுத்தால் ஹன்யூ மூண்டாம் இடம்.

#4 மூதூர்ப் பாலம்

மூன்றாம் ஆக்சல் விசயம் சரி, ஏற்றுக்கொள்ளுறன். ஆனால் நாலு சுற்று லூப்பை +4 தரத்தில் இறக்கியிருந்தால் 14.7. அதிலயிருந்து 4ஐக் கழிச்சால் 10.7, இடைவெளியைத் தாண்டுது. ஆகவே "ஆக்சலால ஒண்டும் போகேல்லை" எண்டும் சொல்லேலாது.

#5 கன்னியா ஊற்று

லூப்பை +4இல் இறக்கினால்! அண்ணை இப்ப மாமிக்கு மீசை முளைக்கிற கணக்குக்கு வந்திட்டார்.

#6 சல்லி மீன்

இடையில ஒரு கேள்வி. சால்கோ திறந்ததுக்குக் காரணம் ஐஸில் இருந்த குழி எண்டு அவரே பேட்டியில் சொன்னவர். ஒலிம்பிக் அரங்கில குழியா? மெசினால ஒவ்வொரு தரமும் மட்டப்படுத்துறேல்லையா?

#7 கொட்பே ஐஸ்

இதை எங்கட ஊர் ஐஸ் பக்டரியில இருந்து தொடங்கினால் லேசா விளங்கும். மீனுக்குப் போடுற ஐஸ் கட்டி எப்பிடி வருது? தகரத்தில் தண்ணி, தகரம் உப்புக் கரைசல் தொட்டிக்குள்ள நிக்கும், கரைசலைச் சுழியத்துக்குக் கீழ குளிராக்கிச் சுத்த விடுவினம். வெளிப்பக்கம் முதல் உறைஞ்சு நடுவுக்கு வரும். காற்றும் அழுக்கும் நடுவில ஒதுங்கிறதால்தான் கட்டியின் நடு வெள்ளையா, நொறுங்கலா இருக்கிறது.

சறுக்கு அரங்கிலும் அதே வேலைதான், ஆனால் தலைகீழ். தரையில் கொங்கிறீட், அதுக்குள்ள நெருக்கமாக் குழாய், குழாய்க்குள்ள குளிர்ந்த உப்புக் கரைசல் அல்லது கிளைக்கோல். மேல மெல்லிய படையாத் தண்ணி தெளிச்சு, அது உறைஞ்சாப்பிறகு அடுத்த படை. கீழ இருந்து மேல உறையிறதால் காற்று வெளியேறிவிடும், ஐஸ் இறுக்கமா வரும். தடிப்பு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர்தான். 60க்கு 30 மீற்றர் தளத்தைக் கணக்குப் பாருங்கோ, 54 கன மீற்றர், 54,000 லீற்றர்.

பிகர் ஸ்கேட்டிங்குக்கு ஐஸின் மேற்பரப்பை −3 முதல் −4 பாகையில் வைப்பினம். ஐஸ் ஹொக்கிக்கு அதைவிடக் குளிர். ஏன்? கூடக் குளிர்ந்தால் ஐஸ் கண்ணாடி மாதிரி உடையும். பிளேட்டின் முன்பல் (முன் நுனியில் இருக்கிற பற்கள்) குத்தின இடத்தில் சில்லுச் சில்லாத் தெறிச்சுப் பெரிய குழி விழும். சூடு கூடினால் மேற்பரப்பு இளகி வேகம் சாகும்.

குழி எங்க இருந்து வருது எண்டால், டோ லூப், பிளிப், லட்ஸ் மூண்டிலும் முன்பல்லைக் குத்தித்தான் மேல எழும்பிறது. ஆறு நிமிசப் பயிற்சி நேரத்தில் ஆறு பேர் அந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வினம். ஐஸை மட்டப்படுத்துற ஸம்போனி மெசின் ஒவ்வொரு குழுவுக்கும் இடையில வாறதில்லை, சில குழுக்களுக்கு ஒரு தரம்தான். வந்தால் மேல மெல்லிசாச் சீவி, கிட்டத்தட்ட 60 பாகைச் சுடுதண்ணி விடும். சுடுதண்ணி மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்கிப் பழைய ஐஸோட ஒட்டும், காற்றும் குறைவு. இடைநேரத்தில் குழிகளை ஐஸ் தூளும் தண்ணியும் குழைச்சு கையால அடைக்கிறதும் உண்டு, ஆனால் அந்த அடைப்பு சுத்தி இருக்கிற ஐஸ் மாதிரி இறுகாது.

சால்கோ குத்தி எழும்பிற தாவல் இல்லை. இடது காலின் உள் விளிம்பில், பின்பக்கமா வளைஞ்சு வந்து, அந்த விளிம்பின் பிடியில்தான் எழும்ப வேணும். கடைசிக் கணத்தில் பிளேட் ஒரு குழிக்குள்ள போனால் விளிம்பு பிடிக்காது. அப்ப மூளை தன்பாட்டில் உடம்பைத் திறந்துவிடும். அந்த நிலையில நாலு சுற்றுச் சுத்தியிருந்தால் முறிவுதான்.

#8 சல்லி மீன்

நல்ல விளக்கம் அண்ணை. அடுத்த சந்தேகம்: எல்லாத் தாவலும் நாலு சுற்று எண்டால், ஆக்சல் மட்டும் ஏன் நான்கரை?

#9 நிலாவெளிச் சவுக்கு

ஆறு தாவலில் ஆக்சல் ஒண்டுதான் முன்பக்கம் பார்த்துக் கிளம்பிறது. இறங்கிறது எல்லாத்திலயும் பின்பக்கமா. அதால அரைச் சுற்று கட்டாயம் கூடும்.

ஹன்யூ இடஞ்சுழியாச் சுத்துறவர், அதை வைச்சுச் சொல்லுறன். வலது காலில் பின்பக்கமா வழுக்கி வந்து, திரும்பி இடது காலின் வெளி விளிம்பில் முன்னோக்கி அடி வைப்பார். இடது முழங்கால் நல்லா மடங்கும். வலது கால் பின்னாலயிருந்து முன்னுக்கு வீசும், இரண்டு கையும் அதோட சேர்ந்து வரும். இடது பிளேட் முன்பல் வரைக்கும் உருண்டு ஐஸை விடும். காற்றில் எடை இடது பக்கத்திலிருந்து வலது பக்க அச்சுக்கு மாற வேணும், இடது கால் வலது காலுக்கு மேல பின்னிக்கொள்ளும், கை நெஞ்சோட இறுகும். வலது காலின் வெளி விளிம்பில் பின்பக்கமா இறக்கம்.

இந்த அச்சு மாற்றம்தான் ஆக்சலின் உயிர். ஏறின காலும் இறங்கிற காலும் வேற வேற, அதையும் முக்கால் செக்கனுக்குள்ள முடிக்க வேணும்.

காற்றில் 0.7 செக்கன் நிக்க வேணுமெண்டால் உடம்பு 60 சென்ரிமீற்றர் மேல போக வேணும். 0.8 செக்கன் வேணுமெண்டால் 78 சென்ரிமீற்றர். பத்தில் ஒரு செக்கனுக்காக 18 சென்ரிமீற்றர்! அதால உயரத்தால மட்டும் நான்கரையை வெல்லேலாது, சுழற்சி வேகத்தைக் கூட்டவேணும். ஐஸை விட முதலே உடம்பு கொஞ்சம் திரும்பிவிடும் எண்டதைக் கழிச்சாலும், காற்றில் நாலு சுற்றுக்கு 0.7 செக்கன் எண்டால் செக்கனுக்குச் சராசரி ஆறு சுற்றுக்குக் கிட்ட.

பிழைக்கிற இடங்கள்:

வலது காலை அகலமா வீசினால் உயரம் கிடைக்கும், ஆனால் அச்சு சாயும். சாஞ்ச அச்சில் எவ்வளவு இறுக்கினாலும் சரியா இறங்கேலாது.

அவசரப்பட்டுத் தோள் முதல் திரும்பினால் இடது விளிம்பு ஐஸில் வழுக்கும், உந்துதல் வீணாப்போகும். நான்கரைக்குப் பழகிறவையிட்ட அதிகம் காணிற பிழை இதுதான், சுழற்சிக்கு அவசரப்பட்டு உயரத்தை விக்கிறது.

கால் சுற்றுக் குறைஞ்சு இறங்கினால் பிளேட் போற திசைக்குக் குறுக்கா நிக்கும். பிளேட் நிண்டிடும், உடம்பு நிக்காது. மிச்சச் சுழற்சி முழுக்க வலது கணுக்காலுக்குள்ள இறங்கும்.

பிளேட் தீட்டலும் ஒரு காரணம். பிளேட் அடியில் நீளவாக்கில் ஒரு குழிவு இருக்கும், அதன் இரண்டு கரைதான் உள், வெளி விளிம்பு. தடிப்பு ஏறக்குறைய 4 மில்லிமீற்றர். தீட்டிறவர் ஒரு பக்கத்தை மயிரிழை கூடச் சீவினால் கரை இரண்டும் ஒரு மட்டத்தில் இராது. ஒற்றை ஆக்சலில் அது தெரியாது, மூன்றரையிலேயே காலை வாரிவிடும்.

#10 உவர்மலைக் காற்று

அப்ப அவரிட கணுக்கால் வரலாற்றையும் இதோட வைச்சுப் பார்க்க வேணும். 2017 நவம்பர், ஒசாகாவில் பயிற்சியில் நாலு சுற்று லட்ஸில் விழுந்து வலது கணுக்கால் தசைநார் காயம். மூண்டு மாசம் ஒரு போட்டியும் இல்லை, நேரா பியோங்சாங். அங்க நாலு சுற்றுத் தாவல்களில் லட்ஸையும் லூப்பையும் விட்டுப்போட்டு சால்கோவும் டோ லூப்பும் மட்டும் வைச்சு குறு நிகழ்ச்சியில் 111.68, நீள நிகழ்ச்சியில் 206.17, மொத்தம் 317.85. தங்கம். 2018 நவம்பர் மொஸ்கோவில் அதே கால், அப்பிடியே ஆடி வெண்டார். 2021 நவம்பரில் திரும்பவும், அந்தப் பருவத்தில் அவருக்கிருந்த கிரான்பிறித் தொடர்ப் போட்டி இரண்டும் இல்லாமல் போச்சு. மூண்டும் இறங்கிற கால்.

என்னைக் கேட்டால் பியோங்சாங்தான் அவர் கணக்குப் பார்த்து ஆடின போட்டி. என்ன விட்டால் வெல்லலாம் எண்டு அவருக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் பெய்ஜிங்கில் அதைச் செய்யேல்லை எண்டால் அது அறியாமையில்லை.

#11 மூதூர்ப் பாலம்

அதைத்தான் பிடிவாதம் எண்டு சொல்லுறது தம்பி 🙂

#12 பாலையூற்று

செண்டாய் எண்டதும் 2011 மார்ச் 11 ஞாபகம் வருது. சுனாமி அந்த அரங்கையும் அடிச்சதாமே? 2004இல் எங்கட கரையோரம் நடந்ததைக் கண்டவைக்கு அவர் திரும்பி வந்தது பெரிய விசயம்.

#13 கன்னியா ஊற்று

அக்கா, அரங்குக்குள்ள கடல் வரேல்லை. அது செண்டாயின் இசுமிப் பக்கம், கரையிலிருந்து உள்ளுக்கு. அடிச்சது நில அதிர்வு. அந்த நேரம் அவர் ஐஸில பயிற்சியில இருந்தவர், ஸ்கேட் சப்பாத்தோடயே வெளிய ஓடினார். பிளேட்டோட கொங்கிறீட்டில ஓடினால் விளிம்பு முடிஞ்சுது, அதைப் பார்க்கிற நேரமில்லை அது. குடும்பம் நாலு நாள் தஞ்ச முகாமில்.

ஏன் ஐஸ் அரங்கு அதிர்வுக்கு இவ்வளவு கெதியாப் போகுது எண்டால், கொட்பே அண்ணை மேல எழுதின அந்தக் குழாய்கள்தான் காரணம். தரை பலமா அசைஞ்சால் குழாய் வெடிக்கும், கரைசல் ஒழுகும், மின்சாரமும் இல்லாட்டி ஐஸ் முழுக்கத் தண்ணி. அந்த அரங்கு ஜூலையில்தான் திரும்பத் திறந்தது.

இடைப்பட்ட மாதங்களில் ஊர் ஊரா ஐஸ் காட்சிகளில் ஆடி, காட்சி அரங்கையே பயிற்சி இடமாப் பாவிச்சார். அந்த வருசம் ஏறக்குறைய அறுபது காட்சி. 2012 மார்ச்சில், 17 வயசில, பிரான்ஸின் நீஸ் நகரில் உலகப் போட்டி வெண்கலம். அதுக்குப் பிறகுதான் ரொறன்ரோவில் பிரையன் ஓர்சரிட்ட போனது. ஓர்சர் 1984, 1988 இரண்டிலும் ஒலிம்பிக் வெள்ளி, கிம் யூனாவை 2010இல் தங்கம் எடுக்க வைச்ச கோச். அங்க கிடைச்ச இன்னொரு லாபம் ஸ்பெயினின் ஹவியர் பெர்னாண்டஸ். நாலு சுற்று சால்கோவைத் துப்புரவா இறக்கிற ஆள் தினமும் பக்கத்திலயே பழகிறது எந்தக் கோச்சாலயும் குடுக்க ஏலாத பாடம்.

சோச்சியில் கிடைச்ச பரிசுக் காசை அவர் அழிவு கண்ட பகுதிக்கும் அரங்குக்கும் குடுத்தவர்.

#14 சல்லி மீன்

இதெல்லாம் வாசிக்க ஆசை வருது. திருகோணமலையில ஐஸுக்கு வழியில்லை. சில்லு ஸ்கேட்டில இந்தத் தாவல்களைப் பழகேலுமா?

#15 நிலாவெளிச் சவுக்கு

ஏலும் தங்கச்சி, அளவோட. நேர்வரிசைச் சில்லு வாங்கேக்க பின்னால பிறேக் உள்ளதை எடுக்காதீங்கோ. முன்னால ரப்பர் முனை உள்ள சட்டகம் வேணும், அதுதான் முன்பல்லின் வேலையைச் செய்யும். சில்லுகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் நடு கொஞ்சம் கீழ இறங்கி வளைவா இருந்தால்தான் திரும்பலாம்.

எங்கட ஊரின் எதிரி உப்பும் மணலும். டச்பே கடற்கரை வீதியில் ஓடினால் ஒரே நாளில் பெயாரிங் கரகரக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உள்வீதியிலும் புழுதிதான். பெயாரிங் 608 அளவு, உள் விட்டம் 8, வெளி 22, அகலம் 7 மில்லிமீற்றர், மோட்டார் சாமான் கடையில கேட்டால் கிடைக்கும். துப்பரவாக்க: மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, துணியில வைச்சு முழுக்கக் காய விட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒண்டு ரெண்டு துளி. தேங்காயெண்ணெய் போட வேண்டாம், பிசினாகிச் சில்லை நிப்பாட்டும்.

வரிசை: விழப் பழகிறது, ஒற்றைக் காலில் வளைவு, மூண்டுத் திருப்பம் (ஒற்றைக் காலில் 3 வடிவில் திரும்பிறது), வோல்ட்ஸ் தாவல், சால்கோ, டோ லூப். வோல்ட்ஸ் தாவல் அரைச் சுற்றுத்தான், ஆனால் ஆக்சல் ஏறுற விளிம்பே அதுக்கும். அதைச் சரியாப் பழகினால் பின்னால ஒற்றை ஆக்சலுக்கு அத்திவாரம் இருக்கும். ஐஸில விழுந்தால் வழுக்கிப் போகலாம், கொங்கிறீட்டில விழுந்த இடத்திலேயே நிப்பீங்கள். மணிக்கட்டு, முழங்கால் காப்பும் ஹெல்மெட்டும் இல்லாமல் தாவல் வேண்டாம்.

#16 மட்டுறுத்துநர்

சில்லு ஸ்கேட் வாங்கிறது விக்கிறது "பொருட்கள்" பகுதியில. இங்க ஹன்யூ.

#17 மூதூர்ப் பாலம்

சரி, கடைசியா ஒண்டு. நான்கரை ஆக்சலுக்கு "ஹன்யூதான் முதல்" எண்டு சிலர் எழுதுறவை. 2018 மொஸ்கோவிலேயே ரஷ்யாவின் ஆர்த்தூர் திமித்ரியெவ் இளையவர் இந்தத் தாவலை முயற்சி செய்தவர். போட்டியில முதல் சரியா இறக்கினவர் அமெரிக்காவின் இலியா மாலினின், 2022 செப்டெம்பர், லேக் பிளாசிட், வயசு 17. ஹன்யூவுக்கு என்ன மிச்சம்?

#18 கன்னியா ஊற்று

திமித்ரியெவின் முயற்சி அரைச் சுற்றுக்கு மேல குறைஞ்சு தரம் இறக்கப்பட்டது, அப்ப அது மூன்றரையாத்தான் கணக்கு. ஹன்யூவே 2021 டிசம்பர் தேசியப் போட்டியில இரண்டு காலில் இறங்கி அதே மாதிரித் தரம் இறக்கம். பெய்ஜிங்கில் குறை கால் சுற்றுக்கும் அரைச் சுற்றுக்கும் இடையில், அதால "நான்கரை ஆக்சல், சுற்றுக் குறைவு" எண்டு பதிவாச்சு. போட்டித் தாளில் அந்தத் தாவலின் பேர் அதே பேரில் முதல் ஏறினது அண்டைக்குத்தான். சரியா இறக்கின பெருமை மாலினினுக்கு, அதில் இரண்டு பேச்சில்லை. மாலினின் இறக்கினது ஹன்யூ போட்டி ஆட்டத்தை விடுறன் எண்டு அறிவிச்சு (2022 ஜூலை 19) இரண்டு மாதம் கூட ஆக முதல்.

#19 சல்லி மீன்

வீடியோவில கால் சுற்றுக் குறை, அரைச் சுற்றுக் குறை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? எல்லாம் ஒரே சுழியாத்தான் தெரியுது.

#20 நிலாவெளிச் சவுக்கு

சுற்றை எண்ணாதீங்கோ, ஏமாறுவீங்கள். வேகத்தைக் கால்வாசிக்குக் குறைச்சு, இறங்கிற இடத்துக்கு மட்டும் போங்கோ. முன்பல் ஐஸைத் தொடுற முதல் படத்தில் நிப்பாட்டுங்கோ. அந்தக் கணத்தில் பிளேட் எந்தப் பக்கம் பார்க்குது, அதுக்குப் பிறகு உடம்பு எந்தப் பக்கம் வழுக்கிப் போகுது எண்டு பாருங்கோ. சப்பாத்தின் குதி போற திசைக்கு நேரா நிண்டால் முழுச் சுற்று. பிளேட் போற திசைக்குக் குறுக்கா நிண்டால் கால் சுற்றுக் குறை, அதுதான் எல்லைக்கோடு. சப்பாத்தின் மூக்கே போற திசையைப் பார்த்துக்கொண்டு இறங்கினால் அரைச் சுற்று, தரம் இறக்கம். ஐஸில தூள் பறக்கிறதும் அடையாளம்: துப்புரவான இறக்கத்தில் கொஞ்சம்தான் கிளம்பும், குறைஞ்ச இறக்கத்தில் பிளேட் சுரண்டி விசிறி மாதிரி எழும்பும். பெய்ஜிங் தாவலை இப்பிடி வைச்சுப் பாருங்கோ, பிளேட் குறுக்கா நிக்கிறதையும் கடந்து எவ்வளவு மிச்சம் கிடக்கு எண்டு தெரியும். பக்கவாட்டுக் கமெராப் படத்தை எடுங்கோ, நேர் முன்னால இருந்து எடுத்ததில கோணம் பிழைக்கும்.